கதவைச் சாத்திய அண்ணன்: காசிமேட்டுத் தெரு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

விடியற்காலை ஐந்தரை மணி. காசிமேட்டில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போடும் ஆயாவிடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தூக்குப் பாத்திரத்தை நீட்டினான். ஆறு இட்லி, சாம்பார், காரச் சட்னி. வாங்கிக்கொண்டு போக வேண்டியவன் போகாமல் அடுப்போரமாகவே நின்றான். "ஆயா, சாயங்காலம் உன் கடைப் பாத்திரமெல்லாம் நான் தேய்த்துத் தரட்டுமா? காசு வேண்டாம்" என்றான். "ஏன் கண்ணு, கேரம் ஆடப் போகவில்லையா?" என்று ஆயா கேட்டார். "அந்த அண்ணன் கதவைச் சாத்திவிடுகிறார்" என்றான்.

ஆயா அடுப்பைத் தணித்தார். காத்திருந்தவர்களிடம் "கொஞ்சம் பொறுங்கள், இன்னும் வேகவில்லை" என்று சொல்லிவிட்டு, பையனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு, "என்னிடம் சொன்னாயே, நல்ல காரியம் செய்தாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. இன்று சாயங்காலம் நீ என் வீட்டில் இரு" என்றார். எப்போது, எத்தனை தடவை, என்ன செய்தான் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்த ஆயா அன்று செய்ததைத்தான், குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் நாள் முழுக்கச் சொல்லித்தருகிறார்கள். அந்த வகுப்புகளுக்குப் போனவள் நான். இந்தத் தெருவில் 11 ஆண்டுகளாக மாலைப் படிப்பு மையம் நடத்துகிறேன். அந்தப் பையன் வாரத்தில் ஐந்து நாள் என் கண்முன் உட்கார்ந்து படித்தவன். கேரம் அறையில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை அவன் என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் எங்கள் தெருவில் பிறகு நடந்த வேலை முழுவதும் கிளம்பியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பையனை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தெருவின் நேரக்கணக்கு

எங்கள் பக்கத்தில் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்பது தெரியாமல் இந்த நிகழ்வு புரியாது. பையனின் அப்பா விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். அம்மா நள்ளிரவு தாண்டியதும் எழுந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றிக்கொண்டு பெரம்பூர்ப் பக்கம் விற்கப் போகிறார். வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். சோறாக்கி, துணி துவைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு மாலை ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். மறுபடி நடுராத்திரியில் எழ வேண்டுமே.

வீடு என்பது ஒற்றை அறை. அம்மா தூங்கும்போது பிள்ளைகள் வெளியேதான் இருக்க வேண்டும். வெளியே என்றால் தெரு, படிக்கட்டு, கேரம் அறை. "பக்கத்து வீட்டில் இருக்கிறான்", "அண்ணனோடு இருக்கிறான்" என்பதுதான் எங்கள் தாய்மார்களின் நிம்மதி. ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் வடசென்னையின் பலம். இது இல்லாவிட்டால் இங்கே ஒரு பெண்ணாலும் வேலைக்குப் போக முடியாது. அதே பழக்கத்துக்குள் புகுந்துகொண்டுதான் அந்தக் கேரம் அறை அண்ணன் தன் காரியத்தைச் செய்தான்.

அவன் வெளியூர்க்காரன் இல்லை. கோயில் திருவிழாவில் கூழ் ஊற்ற முன்னால் நிற்பவன், வெள்ளம் வந்தபோது சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தவன். படிப்புச் செலவுக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளுக்குக் கைமாற்று கொடுப்பவன். பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கித் தருவான், ஸ்ட்ரைக்கர் பரிசளிப்பான். பெரியவர்களின் நம்பிக்கையை முதலில் சம்பாதித்துக்கொண்டான். பிள்ளையின் நம்பிக்கை அதற்குப் பின்னால் தானாக வந்தது.

நாங்கள் தவறவிட்டவை

திரும்பிப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. இரண்டு மாதமாக "வயிறு வலிக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். படுக்கையில் சிறுநீர் கழிக்க ஆரம்பித்திருந்தான். பயந்திருக்கிறான் என்று அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். பள்ளியில் கவனம் குறைகிறது என்று ஆசிரியர் எழுதியனுப்பினார். என் வகுப்பில் இரண்டு முறை தூங்கிவிழுந்தான். நான் எழுப்பி நிற்க வைத்தேன்.

அவனை நிற்க வைத்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஆயா அவனை உட்கார வைத்தார். நான் நிற்க வைத்தேன். அவன் யாரிடம் பேசுவான் என்பதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த மாலையும் மறுநாளும்

பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு ஆயா என்னிடம் வந்தார். பிற்பகலில் அம்மாவிடம் சொன்னோம். இருட்டுவதற்குள் விஷயம் தெருவில் கசிந்துவிட்டது, யார் வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் வெளியே தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கூடினார்கள். இழுத்துவந்து உதைக்க வேண்டும் என்றார் ஒருவர். மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு, அவனைத் தெருவைக் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்றார் இன்னொருவர். "பொட்டைப் பிள்ளையாக இருந்தால் வேறு விஷயம். பையன்தானே, வளர்ந்தால் மறந்துவிடுவான்" என்றார் மூன்றாமவர். அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் அவருக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

பையன்தானே என்று சொல்பவர்கள் அறிய வேண்டிய கணக்கு ஒன்று சென்னையிலேயே எடுக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதற்காக இங்கே இயங்கும் துளிர் அமைப்பு, 2,211 பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 42 விழுக்காடு. ஆண் பிள்ளைகளில் அது 48, பெண் பிள்ளைகளில் 39. மறு ஆண்டு மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இத்தகைய அனுபவத்தைச் சொன்னார்கள். செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பெரியவர்களிடம் நான் இரண்டு விஷயங்களைத்தான் சொன்னேன். முதலாவது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. ஆண், பெண் பேதம் அதில் கிடையாது. இரண்டாவது, குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே அந்தச் சட்டத்தின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து விதிக்கலாம். நிறுவனம் நடத்துபவர் மறைத்தால் ஓராண்டுவரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது. பேசி முடிப்பதற்கு இதில் இடமே இல்லை என்றதும் பெரியவர்கள் அமைதியானார்கள். சட்டத்துக்குப் பயந்துதான் அமைதியானார்கள் என்றாலும், அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மாவின் பயம் வேறு. "போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றால் நாளைக்கு இவன் எப்படி இந்தத் தெருவில் நடப்பான்?" என்றார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தோம். அந்த அம்மாவுக்கு அன்று புரிந்த சில விவரங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. குழந்தை காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. வீட்டிலோ அவன் விரும்பும் வேறு இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ, அவன் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தில் இப்படி இருந்தாலும் முதலில் நாங்கள் போன காவல் நிலையத்தில் எங்களை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள், "யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்கள். மறுநாள் வேறிடத்திலிருந்து வந்த பெண் அதிகாரி சாதாரணச் சேலையில், கையில் ஒரு துணிப்பையோடு, மீன் வாங்க வந்தவர்போல நடந்தே வந்தார். ஆயாவின் மகள் வீட்டில், வேறு தெருவில், பையன் பேசினான். முக்கால் மணி நேரம் பேசினான். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த அதிகாரி ஜீப்பில் வந்திருந்தால் இந்த வழக்கு அங்கேயே நின்றுபோயிருக்கும் என்று நம்புகிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறு

கைது நடந்தபிறகு தெரு கொதித்தது. உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகம் எங்களுக்கும் இருந்தது. பேனர் கட்டினோம், மைக் வைத்தோம், பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்து ஊர்வலம் விட்டோம். பேச வந்தவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். கூட்டம் முடிந்த அன்று இரவு குழாயடியில் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அது யார் வீட்டுப் பிள்ளை?"

இரண்டு நாளில் தெரு கண்டுபிடித்துவிட்டது. ஒன்பது நாள் அந்தப் பையன் பள்ளிக்குப் போகவில்லை. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று ஊடகங்களுக்குச் சட்டம் தடை விதித்திருக்கிறது. தெருவின் வாய்க்கு யார் தடை விதிப்பது? விழிப்புணர்வு என்ற பெயரில் அவனை நாங்களே காட்டிக்கொடுத்துவிட்டோம். ஒரு குற்றம் நடந்த தெருவில், அது நடந்த சூட்டோடு, அதைச் சுற்றி ஒருபோதும் கூட்டம் போடாதீர்கள். இதைப் படிக்கும் அமைப்புகளிடம் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் அந்தக் குழந்தை பழையபடி தெருவில் விளையாட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சின்னக் குரலில் தொடங்கிய வேலை

நான்கு மாதம் கழித்து மகளிர் சுய உதவிக் குழுவில் ஆரம்பித்தோம். சேமிப்புப் பணம் கட்டி, கணக்கு எழுதி முடித்தபிறகு இருபது நிமிடம். வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை என்று முதலிலேயே முடிவு. ஒரே கேள்வியை வைத்தோம். "உங்கள் பிள்ளை வந்து இப்படி ஒன்றைச் சொன்னால், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன?"

பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். "அறைந்துவிடுவேன்." "நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்பேன்." "யாரிடமும் சொல்லாதே என்பேன்." கோபம் முழுக்க அந்த ஆள்மீதுதான். ஆனால் அடி பிள்ளைமீது விழுகிறது. ஆயாவைப் பேச அழைத்தோம். அவர் பேச மறுத்துவிட்டார். அதனால் அவர் சொன்ன சொற்களையே எடுத்துக்கொண்டோம். "சொன்னாயே, நல்லது. உன்னை நம்புகிறேன். உன்மேல் தப்பில்லை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்." ஒருவர் பிள்ளையாக உட்கார, இன்னொருவர் வாய்விட்டுச் சொல்லிப் பழகினார்கள். முதல் நாள் சிரிப்பு. இரண்டாம் வாரம், ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா "உன்மேல் தப்பில்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டார். வெகுநேரம் பேசவில்லை. யாரும் அவரைக் காரணம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதை அதற்குள் எல்லோரும் கற்றிருந்தார்கள்.

அடுத்து, பெயர்கள். பையன் இரண்டு மாதம் "வயிறு வலி" என்றே சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. இடுப்புக்குக் கீழே இருப்பதற்கு அவனிடம் சொல்லக்கூடிய பெயர் இல்லை. எங்கள் வீடுகளில் அந்த உறுப்புகளுக்கு இருப்பவை ஒன்று கொஞ்சல் பெயர், இன்னொன்று கெட்ட வார்த்தை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை எப்படிப் புகார் சொல்லும்? அறிவியல் பாடப்புத்தகத்தில் உள்ள சொற்களையே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தோம். ஆண்குறி, பெண்குறி, மார்பு, பிட்டம். கண், மூக்கு சொல்லித்தரும் வயதிலேயே, குளிப்பாட்டும்போது சொல்லித்தருவது. அங்கன்வாடியில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

'குட் டச், பேட் டச்' பற்றி ஒரு வார்த்தை. பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள், வேண்டியதுதான். ஆனால் எங்கள் பையனுக்கு அது பாடமாகவே தெரியும். அட்டையில் எழுதிப் பரிசு வாங்கியவன். அந்த ஆளின் கை முதலில் தோளில் விழுந்தது, தலையைக் கோதியது, பரோட்டா ஊட்டியது. அதில் எதைப் 'பேட்' என்று அவன் சொல்வான்? அதனால் தொடுதலைவிட ரகசியத்தைப் பற்றித்தான் இப்போது அதிகம் பேசுகிறோம். பிறந்தநாளுக்கு வாங்கி வைத்திருக்கும் சட்டையைச் சொல்லாமல் இருப்பது ஒரு வகை. அது சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரிந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொல்வது வேறு வகை. அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் அன்றே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது புரிகிறது.

ஆண்களை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. வழி காட்டியது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் நிழலில் இருப்பார்கள். பள்ளிகளுக்கு விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான். பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில் இருப்பார்கள். வருஷத்தில் ஆபத்து அதிகமான மாதமும், அப்பாக்கள் கைக்கு அகப்படும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. கூட்டத்துக்கு வா என்று அழைக்கவில்லை. வலை கிடந்த இடத்துக்கே போய் உட்கார்ந்தோம். கை வேலையில் இருக்கும்போது, கண்ணைப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லாதபோது, ஆண்கள் பேசுகிறார்கள். "எனக்கும் பள்ளியில் படிக்கும்போது ஒருத்தன்" என்று ஒருவர் ஆரம்பித்தார். பின்னிக்கொண்டே சொல்லி முடித்தார்.

பட்டியல்

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த ஆய்வின் மையம். ஒரு சனிக்கிழமை படிப்பு மையத்தில் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தோம். "உனக்கு யாராவது தொல்லை கொடுத்தால், இந்தத் தெருவில் யாரிடம் சொல்வாய்?" என்று கேட்டு, பெயர் மட்டும் எழுதி மடித்துப் போடச் சொன்னோம். எழுதுபவர் பெயர் வேண்டாம். அம்மா, டீச்சர், போலீஸ் என்று வரும் என எதிர்பார்த்தோம். வந்த பெயர்களில் பல எங்களைத் திகைக்க வைத்தன. இட்லி ஆயா. சைக்கிள் கடைக்காரர். பள்ளி விளையாட்டு ஆசிரியர். ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெரியப்பா. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அக்கா. ஒரு பெட்டிக்கடைப் பாட்டி. என் பெயர் இரண்டு சீட்டில் இருந்தது. சில சீட்டுகளில் ஒன்றுமே இல்லை.

அதுவரை நாங்கள் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவரும் அந்தப் பட்டியலில் பெரிதாக இல்லை. பிள்ளை யாரிடம் வாய் திறக்கும் என்பதை நாம் நியமிக்க முடியாது, அது பிள்ளையின் தேர்வு. எனவே பிள்ளைகள் காட்டிய ஆட்களைத் தேடிப் போனோம். சைக்கிள் கடைக்காரருக்குப் பஞ்சர் ஒட்டும் நேரத்திலேயே சொல்லித்தந்தோம். எப்படிக் கேட்பது, என்ன கேட்கக் கூடாது, அம்மா அப்பாவே காரணமாக இருந்தால் யாரிடம் போவது, 1098-இல் என்ன சொல்வது. அவர் கடைச் சுவரில் அந்த எண்ணைத் தன் கையாலேயே பெயின்ட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த முறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. சம்பவத்துக்கு ஒரு வருடம் முன்பு இதே பெட்டியை வைத்திருந்தால், கேரம் அறை அண்ணன் பெயர்தான் முதலில் வந்திருக்கும். பிள்ளைகள் நம்பும் இடத்தில்தான் அப்படிப்பட்டவர்கள் போய் உட்காருவார்கள். அதனால் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும், எனக்கும் சேர்த்து, ஒரே விதி. எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனியாக மூடிய கதவுக்குள் இருக்கக் கூடாது. நல்லவர், தெரிந்தவர், வேண்டியவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. விதி எல்லோருக்கும் பொது என்பதால் யாரும் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேரம் அறையை இடித்துவிட வேண்டும் என்று தாய்மார்கள் சொன்னார்கள். கூடாது என்று நின்றோம். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகக் கேரம் சாம்பியன் ஆனார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரம் எங்கள் பிள்ளைகளுக்கு மேலே ஏறும் ஏணி. அறையை மூடவில்லை, கதவைத்தான் கழற்றினோம். தெருப்பக்கச் சுவரில் பாதியை இடித்துக் கம்பி போட்டோம். எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். இரவு எட்டுக்குமேல் சிறுவர்கள் கிடையாது.

பிறகு பிள்ளைகளே தெருவின் படத்தை வரைந்தார்கள். பயமான இடங்களுக்குச் சிவப்பு. குடியிருப்பின் மூன்றாம் மாடிப் படிக்கட்டு, தாழ்ப்பாள் இல்லாத பொதுக் கழிப்பறை, பழைய வலைகள் குவிந்த கொட்டகை. பெரியவர்களுக்கு அந்தப் படிக்கட்டு ஒரு படிக்கட்டு மட்டும். மாநகராட்சியின் 1913 எண்ணில் திரும்பத் திரும்பப் புகார் செய்து விளக்குப் போடவைத்தோம். தாழ்ப்பாளைச் சுய உதவிக் குழுவின் பணத்திலேயே வாங்கி மாட்டினோம்.

நம் பகுதியின் இரண்டு தீர்ப்புகள்

இது ஏதோ ஒரு தெருவின் கதை என்று ஒதுக்கிவிடாமலிருக்க இரண்டு வழக்குகளை நினைவுபடுத்துகிறேன். 2018 ஜூலையில் அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 11 வயதுச் சிறுமிக்கு மாதக்கணக்கில் நேர்ந்த கொடுமை வெளிவந்து 17 பேர் கைதானார்கள். காவலாளிகள், லிஃப்ட் இயக்குபவர், குழாய் வேலை செய்பவர் என்று தினமும் அங்கே நடமாடியவர்கள். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது, 5 பேருக்கு ஆயுள் தண்டனை. வண்ணாரப்பேட்டையில் 2020-இல் பதிவான இன்னொரு வழக்கில், 13 வயதுச் சிறுமியைப் பாலியல் தொழிலில் தள்ளியவர்களில் உறவினர்களும், சீரழித்தவர்களில் ஒரு காவல் ஆய்வாளரும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் 21 பேர் தண்டிக்கப்பட்டனர். 8 பேருக்கு ஆயுள், 13 பேருக்கு 20 ஆண்டு.

இரண்டு இடத்திலும் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளும் இருந்தன. தண்டனை கிடைத்ததில் எனக்கு நிறைவு உண்டு. ஆனாலும் அந்த மாதங்களில் ஒரு பெரியவராவது அந்தப் பிள்ளையை உட்காரவைத்து இரண்டு இட்லி கொடுத்திருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போக்சோவைப் பற்றித் தெரிந்ததும், சில வீடுகளில் அதைப் பெண் பிள்ளையின் காதலை மிரட்டும் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். பதினேழு வயதுப் பெண்ணும் அவளோடு படிக்கும் பையனும் பேசிக்கொண்டதற்கு "கேஸ் போடுவேன்" என்று ஒரு அப்பா நின்றார். விடலைப் பருவத்துக் காதலில் பையன்கள் இந்தச் சட்டத்தில் சிக்குவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே கவலை தெரிவித்திருக்கிறது. நாங்கள் அந்த அப்பாவிடம் மூன்று முறை பேச வேண்டியிருந்தது. பயத்தை மட்டும் விதைத்தால் பிள்ளைகள் எதையுமே வீட்டில் சொல்லமாட்டார்கள். பெட்டியில் விழுந்த வெற்றுச் சீட்டுகளில் சில அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

வழக்கு நடக்கும் காலம்

சட்டப்படி, வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். எங்கள் வழக்கில் தேதி தள்ளித் தள்ளிப் போனது. போக்சோவின் 2020 விதிகளின்படி, வழக்கு நடக்கும்போது குழந்தைக்கு உதவியாக இருக்க, குழந்தைகள் நலக் குழு ஒரு துணை நபரை நியமித்தது. அந்தப் பெண் பையனை ஒரு நாள் முன்னதாகவே அழைத்துப்போய் நீதிமன்ற அறையைச் சுற்றிக் காட்டினார். சாட்சி சொன்ன அன்று, குற்றம் சாட்டப்பட்ட ஆளின் முகம் அவன் கண்ணில் படாதபடி திரை போட்டிருந்தார்கள்.

ஆயாவும் சாட்சி. ஒவ்வொரு தேதிக்கும் அவர் கடையை மூடினால் அன்றைய பிழைப்பு போய்விடும். அதனால் குழுவிலிருந்து இருவர் முறைவைத்து மாவு கரைத்து, அடுப்பு மூட்டி, கடையை நடத்தினார்கள். நீதிமன்றத்துக்கு ஒரு ஆட்டோக்காரர் காசு வாங்காமல் கூட்டிப்போனார். சாட்சிகள் ஏன் பாதியில் விலகிவிடுகிறார்கள் என்று பெரிய கூட்டங்களில் விவாதிக்கிறார்கள். எங்கள் தெருவில் விடை ஒரு குண்டான் மாவாக இருந்தது.

பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கம்பிச் சுவர் போட்ட அதே அறையில் ஆடுகிறான். மீசை அரும்பும் வயது நெருங்குவதால் ஆயாவிடம் பேசக் கூச்சப்படுகிறான், ஆனால் இட்லிக்குத் தூக்கோடு வருவது நிற்கவில்லை.

சென்ற மாதம் பெட்டியை மறுபடி வைத்தோம். சைக்கிள் கடைக்காரர் பெயர் முன்பைவிட அதிகம் வந்திருந்தது. அந்த மூன்றாமவர், "பையன்தானே" என்று சொன்ன பெரியவர், அவர் பெயரும் ஒரு சீட்டில் இருந்தது. அதை அவரிடம் காட்டியபோது வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த பயிற்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று சீட்டுகள் வெறுமையாக இருந்தன. யாருடையவை என்று கண்டுபிடிக்க முயலவில்லை. வரும் சனிக்கிழமை பெட்டியை மறுபடி வைக்கிறோம்.